நான் மறைத்த மாத்திரை

அம்மனை நம்பி வாழும் என் சகோதரிகளுக்கு, பாத்திரக்கடை சொர்ணம் எழுதுகிறேன்.

போன ஆடிக் கடைசி வெள்ளியன்று, திருவிளக்கு பூஜை முடிந்ததும், நம் தெருப் பத்திரகாளியம்மன் கோயில் மண்டபத்தில் எழுந்து நின்று என் அனுபவத்தைச் சொன்னேன். உங்களில் பலர் நேரில் கேட்டீர்கள். வராதவர்கள் போனில் கேட்டிருப்பீர்கள். அன்று நான் சொன்னதில் பாதிதான் உண்மை. மறு பாதியை மறைத்துவிட்டேன். அதனால் நம் பூங்கனியின் உயிர் போகப் பார்த்தது. என் கண்ணும் போகப் பார்த்தது. இரண்டையும் அம்மன் தடுத்தாள். அதைச் சொல்வதற்குத்தான் நம் கோயில் கொடை விழா மலரில் இடம் கேட்டு வாங்கினேன்.

எனக்கு வயது அறுபத்தொன்பது. போன தை மாதம், பொங்கல் கழிந்து சில நாளில், காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு தோளும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. கழுத்தும் இடுப்பும் தொடையும் சிமெண்டு பூசியது போல இறுகிக் கிடந்தன. அன்றைக்கு ஏதோ சுளுக்கு என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

சீப்பைத் தலை வரைக்கும் கொண்டுபோக முடியாது. ரவிக்கை போடக் கை பின்னால் போகாது. கழிப்பறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு எழுபத்தைந்து வயது. அவர்தான் தினமும் என் இரண்டு கையையும் பிடித்து இழுத்து உட்கார வைப்பார். தலை வாரிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் நான் ஒரு நாளும் அழுதது கிடையாது. அந்த மாதம் தினமும் அழுதேன்.

இந்த நோயில் ஒரு சங்கடம் உண்டு. பதினோரு மணிக்கு மேல் உடம்பு கொஞ்சம் இளகிவிடும். மத்தியானம் என்னைப் பார்க்கிறவர்களுக்கு நான் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். காலையில் சமையலுக்கு நிற்காமல் இருக்கச் சாக்குச் சொல்கிறேன் என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். தைலம் தேய்த்தேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. பக்கத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வயசானால் எலும்பு தேயும் என்று சொல்லி அனுப்பினார்கள். பசி போய்விட்டது. உடம்பு மெலிந்தது. இப்படியே கிடந்து போய்விடுவேன் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பங்குனியில் என் மகன் முருகேசன் என்னைத் திருநெல்வேலிக்கு, மூட்டு நோய் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். அந்த அம்மா முதலில் கேட்டது, காலையில் எழுந்த பிறகு இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று. அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேலே இருக்கும் என்றேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார். உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் இரண்டு அளவுகளும் எனக்கு மிக அதிகமாக இருந்தன.

நோயின் பெயர் பாலிமையால்ஜியா ருமாட்டிகா. சீட்டைப் பார்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருவது. தோளையும் இடுப்பையும் சுற்றி அழற்சி உண்டாகி, இரண்டு பக்கமும் ஒன்றுபோல வலிக்கும். எலும்புத் தேய்மானம் வேறு, இது வேறு. குறைந்த அளவில் ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்தார். எலும்பு பலவீனமாகாமல் இருக்கச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் உண்டு. பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து ஒன்று சொன்னார்.

"சீக்கிரமே வலி போயிரும்மா. வலி போனா நோய் போயிருச்சுன்னு நினைச்சுராதீங்க. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். ஒரு வருஷமும் ஆகலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். நீங்களா ஒரு நாளும் நிறுத்தக் கூடாது."

அதோடு, நெற்றிப் பொட்டில் புதிதாகத் தலைவலி வந்தாலோ, மெல்லும்போது தாடை வலித்தாலோ, கண் மங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அதே வாரம்தான் அம்மனுக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கினேன். மாவிளக்கு எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். மாத்திரையும் விரதமும் ஒரே நாளில் ஆரம்பம். மூன்றாம் நாள் காலை யார் உதவியும் இல்லாமல் எழுந்து உட்கார்ந்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அம்மன்தான் கொடுத்தாள் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. எதன் வழியாகக் கொடுத்தாள் என்பதைத்தான் நான் பார்க்க மறுத்தேன்.

சித்திரை, வைகாசி, ஆனி ஒழுங்காகச் சாப்பிட்டேன். டாக்டரம்மா அளவைச் சிறிது குறைத்தார். என் முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாண வீட்டில் என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, ஸ்டீராய்டா சாப்பிடுகிறாய், எலும்பை உருக்கிவிடுமே என்றாள். பயந்துவிட்டேன். டாக்டரம்மாவிடம் போய் அந்தப் பயத்தைச் சொல்லியிருக்கலாம். அதைச் செய்யவில்லை. அம்மன் குணமாக்கிய பிறகு மாத்திரை எதற்கு, மாத்திரை சாப்பிடுவது அவளைச் சந்தேகப்படுவது அல்லவா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஆடி பிறந்ததும் நிறுத்தினேன். வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் ஒன்றை அட்டையிலிருந்து உரித்து, கை கழுவும் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவேன்.

"ஏளா, மாத்திரை போட்டியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். ஆச்சு என்பேன். ஐம்பது வருஷம் என்னோடு வாழ்ந்த மனிதர். ஒரு நாள்கூடச் சந்தேகப்படவில்லை.

முதல் இரண்டு மூன்று வாரம் உடம்பு நன்றாகவே இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் ஆடிக் கடைசி வெள்ளியன்று எழுந்து நின்றேன். டாக்டர், ஊசி, தைலம் எதற்கும் வலி கேட்கவில்லை, என் வேண்டுதலை அம்மன் ஒருத்திதான் கேட்டாள் என்று சொன்னேன். மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்றும் சொன்னேன். மாத்திரை சாப்பிட்ட மூன்றாம் நாள்தான் கை தூக்க முடிந்தது என்பதைச் சொல்லவில்லை. அன்று காலை தோள் லேசாகப் பிடித்திருந்தது. அதையும் சொல்லவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். பாதிப் பேர் அழுதார்கள். கடைக்காரர் மனைவி என்பதைத் தவிர வேறெதற்காகவும் என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

வாசலில் செருப்பு மாட்டும்போது பூங்கனி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பக்கத்துத் தெரு. புருஷன் இல்லை. உப்பைப் பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் பூஜைக்கு வருவாள்.

"அக்கா, நீங்க சொன்னது எனக்குன்னே சொன்ன மாதிரி இருந்துச்சு" என்றாள்.

எதைச் சொல்கிறாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவளுக்கு ரத்த அழுத்தம் உண்டு, பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு அது தோன்றவே இல்லை. சிரித்துவிட்டு வந்தேன்.

ஆவணி நடுவில் வலி திரும்பிவிட்டது. முதலில் தோள், பிறகு இடுப்பு. கோயிலில் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் நெஞ்சோடு வைத்துக் கும்பிட்டேன். அடுத்து வலது நெற்றிப் பொட்டில் ஒரு வலி ஆரம்பித்தது. தலை வாரினால் தோல் எரியும். சோற்றை நாலு வாய் மென்றதும் தாடை வலித்து நின்றுவிடும். இட்லியைப் பாலில் ஊறவைத்து விழுங்கினேன்.

"ஏளா, ஏன் இம்புட்டுக் கொஞ்சமாச் சாப்பிடுத?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். பல் வலி என்றேன்.

ஏன் மறைத்தேன் தெரியுமா? நான் பேசியது ஊரெல்லாம் போனில் சுற்றிக்கொண்டிருந்தது. தெரியாத பெண்கள் கடைக்கு வந்து, நீங்கள்தானே அந்த அம்மா என்று கேட்டுத் திருநீறு பூசிவிடச் சொன்னார்கள். அம்மன் குணமாக்கினாள் என்று சொன்ன வாயால், மறுபடி வலிக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால் அம்மனுக்கு அவமானம் என்று நினைத்தேன். உண்மையில் எனக்குத்தான் அவமானம். என் மானத்தை அம்மனின் மானம் என்று பேர் மாற்றி வைத்திருந்தேன்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பூங்கனி வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று முருகேசன் வந்து சொன்னான். பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒரு கை, ஒரு கால் விழுந்துவிட்டது, வாய் கோணிவிட்டது, பேச்சு இல்லை என்றான். ஆனாலும் இரண்டு நாள் நான் போகவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் மகள் மாரிச்செல்வி போன் செய்தாள். அந்தப் பிள்ளை கத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பெரியம்மா, பிரஷர் மாத்திரைய ஏன் விட்டாவன்னு டாக்டர் கேக்குதாரு. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சாம். எனக்கே தெரியாது. நீங்க கோயில்ல பேசுனதக் கேட்டுட்டு வந்து, அன்னைக்கே நிப்பாட்டிருக்காவ. நான் டாக்டர்ட்ட என்னன்னு சொல்ல?"

போனை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வழியெல்லாம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அன்று நான் வேண்டியது இதுதான்: தாயே, நான் பேசிய பேச்சால் அவள் பேச்சுப் போய்விட்டது. அதை அவளுக்குத் திருப்பிக் கொடு. என்னை உன் இஷ்டம் போலச் செய்துகொள். என் தோளுக்காக நாற்பத்தெட்டு நாள் வேண்டியிருக்கிறேன். இவ்வளவு உண்மையாக ஒரு நாளும் வேண்டிக்கொண்டதில்லை.

வார்டில் பூங்கனி கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். வலது கை துணி போலக் கிடந்தது. மாரிச்செல்வி எழுந்து எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று நாளாக அம்மா வாயிலிருந்து சத்தம்தான் வருகிறது, ஒரு வார்த்தைகூட வரவில்லை என்று மட்டும் சொன்னாள்.

நான் பூங்கனியின் காதுப் பக்கம் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை சாப்பிட்டுத்தான் எழுந்தேன் என்று சொன்னேன். அதை மறைத்தேன் என்று சொன்னேன். மாரிச்செல்வி கேட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தே சொன்னேன். பூங்கனி கண் கொட்டாமல் என்னையே பார்த்தாள்.

அப்போதுதான் என் வலது கண்ணில் மேலிருந்து ஒரு சாம்பல் நிறத் திரை இறங்கியது. அழுததால் என்று நினைத்துக் கண்ணைத் தேய்த்தேன். போகவில்லை. பூங்கனிக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று மேஜையில் இருந்த தம்ளரை எடுக்கப் போனேன். கை தம்ளரில் படாமல் காற்றைப் பிடித்தது. மறுபடியும் தவறியது. அந்த நேரத்திலும், யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். இதுதான் நான்.

என் சேலையை யாரோ பிடித்து இழுத்தது போல இருந்தது. பூங்கனி. வேலை செய்கிற இடது கையால் என் முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். நான் விடுவிக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. வாய் கோணி, நெற்றி நரம்பு புடைத்து, ஏதோ சொல்லப் போராடினாள்.

"கண்ணு" என்றாள்.

மாரிச்செல்வி ஓடி வந்து, "அம்மா, என்ன சொன்னிய?" என்றாள்.

"அக்கா கண்ணு" என்றாள் பூங்கனி. கொழகொழவென்று இருந்தது. ஆனால் வார்த்தை. மூன்று நாளைக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

மாரிச்செல்வி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நர்ஸைக் கூப்பிட ஓடினாள். டியூட்டி டாக்டர் வந்தார், சின்ன வயதுப் பையன். தலைவலி உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பூங்கனி இன்னும் முந்தானையை விடவில்லை. உண்டு என்றேன். தாடை வலி, தோள் வலி, நிறுத்திய மாத்திரை, எல்லாம் அங்கேயே சொல்லிவிட்டேன். அவர் என் நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்தார். ரத்தக்குழாய் தடித்திருந்தது, தொட்டதும் வலியில் உயிர் போனது. அவர் முகம் மாறிவிட்டது. என்னை நடக்கவிடாமல் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இந்தத் தசை வலி நோயோடு, தலையிலும் கண்ணுக்குப் போகும் வழியிலும் உள்ள ரத்தக்குழாய்களில் அழற்சி வருவது சிலருக்கு உண்டாம். கண் நரம்புக்கு ரத்தம் நின்றுவிட்டால் போன பார்வை திரும்பாது. சோதனை முடிவுக்குக் காத்திராமல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஸ்டீராய்டை ஊசி வழியாக ஏற்றினார்கள். மூன்று நாள் ஏற்றினார்கள். திரை அன்று சாயங்காலமே விலக ஆரம்பித்தது. நீங்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் இந்தக் கண் போயிருக்கும், அடுத்ததும் போயிருக்கலாம் என்று கண் டாக்டர் சொன்னார். வலது கண்ணின் ஓரத்தில் ஒரு சின்ன மங்கல் இன்றும் இருக்கிறது.

நான் அவளுக்குப் பேச்சைக் கேட்டேன். அம்மன் கொடுத்தாள். கொடுத்த முதல் பேச்சே என் கண்ணைக் காப்பாற்றியது. நான் கெடுத்தவளின் வாயாலேயே என்னைக் காப்பாற்றினாள். இதை நினைக்கும்போதெல்லாம் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரரிடம் வார்டிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். "தினமும் உன்னைக் கேட்டேனே, ஏளா" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

பூங்கனி இப்போது கைத்தடியோடு நடக்கிறாள். வலது கை பாதிதான் தூக்க வருகிறது. பாக்கெட் போடும் வேலைக்குப் போக முடியாது. கைப்பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் நான்தான் ஆட்டோவில் கூட்டிப்போகிறேன். அதனால் என் பாவம் தீர்ந்தது என்று சொல்லவில்லை. மாரிச்செல்வி இன்னும் என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறாள். அது அவள் நியாயம்.

நான் தினமும் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையை என் வீட்டுக்காரர் பார்க்கச் சாப்பிடுகிறேன். ஊசி முடிந்ததும் அதிக அளவில் தொடங்கினார்கள், இப்போது டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார். சர்க்கரை ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். முகம் மறுபடி உப்பியிருக்கிறது. இருக்கட்டும். பயமாக இருப்பதை இப்போது டாக்டரம்மாவிடமே கேட்கிறேன். காலையில் மெதுவாகத் தெருமுனை வரை நடக்கிறேன். வெள்ளிக்கிழமை விளக்குப் போடுகிறேன். இரண்டில் எதையும் விடவில்லை.

சகோதரிகளே, அன்று நான் பேசியது இன்னும் யார் போனிலாவது இருந்தால் அழித்துவிடுங்கள். யாருக்காவது அனுப்பியிருந்தால் இதையும் அனுப்புங்கள். அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியவர்கள் இருந்தால், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இன்றே டாக்டரிடம் போங்கள். காலையில் எழுந்திருக்க முடியாமல் இரண்டு தோளும் பிடித்துக் கிடக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், மத்தியானம் நன்றாகத்தானே இருந்தார்கள் என்று தள்ளிவிடாதீர்கள். அம்மனை நம்புங்கள். நான் முழுதாக நம்புகிறேன். அவளிடம் உண்மையைச் சொல்லி வேண்டுங்கள். அவள் யாரை அனுப்புகிறாள் என்று பாருங்கள். டாக்டரை அனுப்பினாலும் சரி, நாம் கெடுத்தவர்களையே அனுப்பினாலும் சரி, கையைத் தட்டிவிடாதீர்கள்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் பூங்கனியிடம் வாசித்துக் காட்டினேன். உன் பெயரை வேறு பெயராக மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். அவள் யோசித்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"மாத்தாதிய அக்கா. மாத்திரைய நிப்பாட்டணும்னு எவளுக்காவது தோணுச்சுன்னா, என் வீட்டுக்கு வந்து என்னப் பாத்துட்டுப் போவட்டும்."